லாக் மாஸ்க் ஏரிக்கரையில் பிறந்த சொல்

இங்கிலாந்தின் நார்ஃபோக் பகுதியில் பர்க் செயின்ட் பீட்டர் என்றொரு சிற்றூர். 1832 மார்ச் 12 அன்று அந்த ஊர்ப் பாதிரியார் வீட்டில் ஓர் ஆண் குழந்தை பிறந்தது. ஞானஸ்நானப் பதிவேட்டில் குழந்தையின் குடும்பப் பெயர் 'பாய்கேட்' என்று இருக்கிறது. 1841இல் அந்தக் குடும்பம் தன் பெயரில் ஓர் எழுத்தை மாற்றிக்கொண்டது. பாய்கேட், பாய்காட் ஆனது. அன்று மாற்றிய எழுத்து இன்றைக்கு உலகத்தின் பெரும்பாலான அகராதிகளில் ஏறிவிட்டது. நம் கல்லூரி மாணவர்கள் வகுப்பை 'பாய்காட்' செய்கிறார்கள், வழக்கறிஞர்கள் நீதிமன்றத்தை 'பாய்காட்' செய்கிறார்கள். கிரிக்கெட் ரசிகர்களுக்கு இந்தப் பெயரைக் கேட்டதும் யார்க்ஷயரின் ஜெஃப்ரி பாய்காட் நினைவுக்கு வருவார். சொல்லுக்குப் பெயர் கொடுத்தவர் அவரல்ல. மேலே சொன்ன பாதிரியார் மகன், சார்லஸ் கன்னிங்ஹாம் பாய்காட்.

அவருக்கு ராணுவத்தில் சேர ஆசை. வூலிச்சில் இருந்த ராணுவப் பயிற்சிக் கழகத்தில் 1848இல் சேர்ந்தார். தேர்வில் தேறாததால் அடுத்த ஆண்டே வெளியேற்றப்பட்டார். அந்தக் காலத்தில் பிரிட்டிஷ் ராணுவத்தில் அதிகாரிப் பதவியைப் பணம் கொடுத்து வாங்கலாம். குடும்பம் 450 பவுண்டு கொடுத்து 39ஆம் காலாட்படைப் பிரிவில் அவருக்கு ஓர் இடம் வாங்கியது. அந்தப் படைப்பிரிவு அயர்லாந்துக்குப் போனது, அவரும் கூடவே போனார். சில ஆண்டுகளில் உடல்நிலை கெட்டது. பதவியை விற்றுவிட்டு, ஐரிஷ் பெண்ணான ஆனி டன்னை மணந்து, அங்கேயே விவசாயத்தில் இறங்கினார். ஊரார் அவரைக் 'கேப்டன்' என்று அழைத்தார்கள். ராணுவத்தில் அவர் அந்தப் பதவியை எட்டியதே இல்லை.

ஏக்கில் தீவில் ஏறக்குறைய 20 ஆண்டுகள் இருந்த பிறகு, 1873இல் மேயோ மாவட்டத்தின் லாக் மாஸ்க் ஏரிக்கரைக்குக் குடிவந்தார். எர்ன் பிரபுவின் நிலத்தில் 600 ஏக்கருக்கு மேல் சொந்தக் குத்தகை. அதோடு, பிரபுவின் வேறு 1,500 ஏக்கருக்குக் காரியஸ்தர் வேலை. வசூலாகும் குத்தகைப் பணத்தில் பத்தில் ஒரு பங்கு அவருக்கு. பிரபு குடியிருந்தது வேறு மாவட்டத்தில். குத்தகைக்காரர்கள் அன்றாடம் பார்த்த ஒரே அதிகார முகம் காரியஸ்தருடையதுதான். கதவைச் சாத்தாமல் போனால் அபராதம். கோழி எல்லை தாண்டினால் அபராதம். காட்டில் சுள்ளி பொறுக்கிக்கொள்ள முன்பு இருந்த சலுகையும் பறிபோனது. வெறுப்பு இப்படிச் சின்னச் சின்ன விஷயங்களில்தான் சேர்கிறது.

அந்த ஏரிக்கரைக் குடியானவர்கள் யார் என்பதையும் சொல்ல வேண்டும். 1845இல் தொடங்கிய உருளைக்கிழங்குப் பஞ்சத்தில் அயர்லாந்து ஏறத்தாழ பத்து லட்சம் பேரைச் சாவுக்குக் கொடுத்தது. அதே அளவு மக்கள் கப்பலேறிப் போனார்கள். 1841இல் 80 லட்சத்தைத் தாண்டியிருந்த மக்கள்தொகை, 1881இல் சுமார் 52 லட்சம். பஞ்சம் மிகக் கொடுமையாகத் தாக்கிய பகுதிகளில் மேயோவும் ஒன்று. அங்கே ஸ்ட்ரேட் என்ற ஊரில் 1846இல் பிறந்தவர் மைக்கேல் டேவிட். அவருக்கு நான்கு வயதிருக்கும்போது குத்தகை பாக்கிக்காகக் குடும்பமே வீட்டைவிட்டு வெளியேற்றப்பட்டது. லங்காஷயரின் ஹாஸ்லிங்டனுக்குப் பிழைக்கப் போனார்கள். அங்கே பஞ்சாலை எந்திரத்தில் சிக்கி, 11 வயதில் வலது கையை இழந்தார் டேவிட். பிறகு ஃபீனியன் புரட்சிக்காரரானார், ஏழாண்டுகளுக்கு மேல் சிறையில் கிடந்தார். வெளியே வந்ததும் 1878இல் அமெரிக்கா போய், அங்கு குடியேறியிருந்த ஐரிஷ் தலைவர்களுடன் பேசினார். இனி நிலத்தை முன்னிறுத்துவது என்று அங்கே ஒரு முடிவு உருவானது. 1879 அக்டோபர் 21 அன்று டப்ளினில் ஐரிஷ் தேசிய நில லீக் பிறந்தது. தலைவர், தானும் ஒரு நிலக்கிழாரான சார்லஸ் ஸ்டூவர்ட் பார்னல். லீக்கின் செலவுக்குப் பெரும் பங்கு நியூயார்க், பாஸ்டன் போன்ற நகரங்களில் கூலி வேலை பார்த்த ஐரிஷ் குடியேறிகளின் சட்டைப் பையிலிருந்து வந்தது. பஞ்சம் துரத்திய பிள்ளைகள் அனுப்பிய பணம்தான் ஊரில் மிஞ்சிய பெற்றோரை நிமிர்ந்து நிற்க வைத்தது. பாய்காட் என்ற சொல்லின் கதையில் புலம்பெயர்ந்தோரின் பங்கு இங்கேயே தொடங்கிவிடுகிறது.

1880 செப்டம்பர் 19. கிளேர் மாவட்டத்தின் எனிஸ் நகரில் பார்னல் பேசினார். பக்கத்து வீட்டுக்காரனை வெளியேற்றிவிட்டுக் காலியாக்கிய நிலத்தை ஒருவன் குத்தகைக்கு எடுத்தால் அவனை என்ன செய்வீர்கள் என்று கூட்டத்தைப் பார்த்துக் கேட்டார். கொல்ல வேண்டும், சுட வேண்டும் என்று குரல்கள் எழுந்தன. அவர் மறுத்தார். அதைவிட நல்ல வழி, கிறிஸ்தவத்துக்கு உகந்த வழி ஒன்று இருக்கிறது என்றார். சாலையில் பார்த்தால் பேசாதீர்கள், கடையில் பேசாதீர்கள், சந்தையிலும் கோயிலிலும் விலகி நில்லுங்கள், தொழுநோயாளியை அக்காலத்தில் ஒதுக்கியதுபோல ஒதுக்கிவையுங்கள் என்பது அவர் பேச்சின் சாரம். அந்த உவமை இன்று நம்மை உறுத்துகிறது, உறுத்தவும் வேண்டும். ஆனால் துப்பாக்கியைக் கேட்ட கூட்டத்தின் கையில் அவர் மௌனத்தைக் கொடுத்தார் என்பது பெரிய விஷயம். அதே வாரத்தில், செப்டம்பர் 25 அன்று, லாக் மாஸ்க்கிலிருந்து அதிகத் தொலைவில்லாத கிளான்பரில் மவுன்ட்மாரஸ் பிரபு சுட்டுக் கொல்லப்பட்டார். இரண்டு வழிகளும் அன்று கண்ணெதிரே இருந்தன.

எனிஸ் பேச்சில் கேப்டன் பாய்காட்டின் பெயர் வரவில்லை. அவர் இக்கதைக்குள் வந்தது மூன்று நாள் கழித்து. விளைச்சல் கெட்டிருந்ததால் எர்ன் பிரபு குத்தகையில் பத்து சதவீதம் தள்ளுபடி தருவதாகச் சொல்லியிருந்தார். குத்தகைக்காரர்கள் 25 சதவீதம் கேட்டார்கள். பிரபு மறுத்தார், காரியஸ்தர் 11 பேர் மீது வெளியேற்ற நடவடிக்கை எடுத்தார். செப்டம்பர் 22 அன்று டேவிட் சியர்ஸ் என்ற கோர்ட் அமீனா 17 போலீஸாருடன் நோட்டீஸ் கொடுக்கக் கிளம்பினார். மூன்று வீடுகளில் கொடுத்தாயிற்று. நான்காவதாக ஃபிட்ஸ்மோரிஸ் என்ற பெண்மணியின் வீடு. அவர் நோட்டீஸை வாங்க மறுத்தார். சிவப்புத் துணி ஒன்றை எடுத்து வீசிக் காட்டினார். அதுதான் அக்கம்பக்கத்துக்குச் சைகை. சுற்றுவட்டாரப் பெண்கள் ஓடிவந்தார்கள். கல், சேறு, சாணம் என்று கைக்குக் கிடைத்ததையெல்லாம் எறிந்தார்கள். அமீனாவும் போலீஸாரும் ஓடிப்போய்க் காரியஸ்தர் வீட்டுக்குள் புகுந்துகொண்டார்கள். மறுநாள் மீண்டும் முயன்றும் நோட்டீஸைச் சார்வு செய்ய முடியவில்லை.

பிறகு பக்கத்து ஊரான பாலின்ரோபிலிருந்து ஒரு கூட்டம் வந்து பாய்காட்டின் வேலையாட்களிடம், இனி இங்கே வேலை செய்யாதீர்கள் என்றது. வேலையாட்கள் போய்விட்டார்கள். கொல்லர் குதிரைக்கு லாடம் அடிக்க வரவில்லை. சலவைக்காரி துணியைத் தொடவில்லை. தபால்காரச் சிறுவனும் நின்றுவிட்டான். பாய்காட்டின் உறவுக்கார இளைஞர் ஒருவர் கடிதங்களை எடுத்துவரப் போக, அவரையும் வழிமறித்து எச்சரித்தார்கள். பாலின்ரோப் கடைக்காரர்கள் சாமான் கொடுக்கவில்லை. ரொட்டியும் மளிகையும் வேறு ஊரிலிருந்து வரவேண்டியதாயிற்று. வயலில் டர்னிப்பும் உருளைக்கிழங்கும் பிடுங்க ஆளில்லாமல் மண்ணில் கிடந்தன. தன் நிலையை விளக்கி 'தி டைம்ஸ்' நாளிதழுக்குப் பாய்காட் ஒரு கடிதம் எழுதினார். அக்டோபரில் அது அச்சானதும் மேயோவின் மூலை ஒன்றில் நடந்த தகராறு லண்டன் பிரச்சினையாயிற்று.

சொல் பிறந்த தருணம் அதிருஷ்டவசமாகப் பதிவாகியிருக்கிறது. அந்தப் பகுதியின் நீல் என்ற ஊரில் பங்குத்தந்தையாக இருந்தவர் ஜான் ஓமாலி. உள்ளூர் நில லீக்குக்கு அவர்தான் தலைமை. அமெரிக்காவில் அடிமை ஒழிப்புக்காகப் பேனா பிடித்த ஜேம்ஸ் ரெட்பாத் என்ற பத்திரிகையாளர், அயர்லாந்து நிலவரத்தை எழுத அப்போது அங்கே வந்திருந்தார். இருவரும் ஒருநாள் சேர்ந்து சாப்பிடுகிறார்கள். ரெட்பாத்தின் தட்டில் உணவு அப்படியே இருக்கிறது. என்ன யோசனை என்று பாதிரியார் கேட்கிறார். ஒரு சொல் கிடைக்காமல் தவிக்கிறேன் என்கிறார் இவர். காரியஸ்தரையோ, வெளியேற்றப்பட்டவரின் நிலத்தைப் பிடித்தவரையோ ஊரே ஒதுக்கிவைத்தால் அதற்கு ஏற்கெனவே ஓர் ஆங்கிலச் சொல் உண்டு. பண்டைய ஏதென்ஸில் குடிமக்கள் பானை ஓட்டில் பெயரைக் கீறி ஒருவரை நாடு கடத்தியதிலிருந்து வந்த 'ஆஸ்ட்ரசைஸ்' என்ற சொல். அது நம் குடியானவர்களுக்குப் புரியாதே என்பது ரெட்பாத்தின் கவலை. பாதிரியார் நெற்றியைத் தட்டிக்கொண்டு யோசித்துவிட்டு, அவரைப் 'பாய்காட்' செய்வது என்று சொன்னால் என்ன என்கிறார். இந்த விவரம் ரெட்பாத் 1881இல் எழுதியது. பெருமையை அவர் பாதிரியாருக்கே கொடுத்துவிட்டார்.

இதில் என்னை ஈர்ப்பது ஓமாலியின் செவி. கிரேக்கச் சொல் மூன்று அசை, வாயில் ஒட்டாது. பாய்காட் இரண்டே அசை. வல்லினத்தில் முடிகிறது, கதவைச் சாத்துவதுபோல. ஊருக்கெல்லாம் தெரிந்த ஆள் என்பதால் விளக்கமும் தேவையில்லை. சொல்லை உருவாக்கியவர் படிப்பாளி. ஆனால் யார் வாயில் அது புழங்கப்போகிறது என்பதை நினைத்தே உருவாக்கினார். நல்ல கலைச்சொல்லுக்கு இதைவிடச் சிறந்த இலக்கணம் எனக்குத் தெரிந்து இல்லை.

நவம்பரில் வடக்கிலிருந்து உதவி வந்தது. கேவன், மோனஹன் மாவட்டங்களைச் சேர்ந்த 50 ஆரஞ்சுக்காரர்கள், அதாவது பிரிட்டிஷ் ஆட்சிக்கு விசுவாசமான புராட்டஸ்டண்டு தொண்டர்கள், பயிரை அறுத்துக்கொடுக்கக் கிளம்பினார்கள். அவர்களைக் காக்க அரசு ஆயிரம் பேர் அளவுக்குப் படையும் போலீஸும் அனுப்பியது. நவம்பர் 11 அன்று கிளேர்மாரிஸ் ரயில் நிலையத்தில் இறங்கிய தொண்டர்களுக்கு வண்டி தர அந்த வட்டாரத்தில் ஒருவரும் இல்லை. மழையில் பாலின்ரோபுக்கு நடந்தார்கள். ஓமாலியும் லீக்கும் மக்களிடம் கேட்டுக்கொண்டது ஒன்றுதான், யாரும் கையோங்காதீர்கள். யாரும் ஓங்கவில்லை. இரண்டு வாரம் டர்னிப் பிடுங்கினார்கள், உருளைக்கிழங்கு தோண்டினார்கள், தானியம் அடித்தார்கள். சுமார் 500 பவுண்டு மதிப்புள்ள விளைச்சலைக் காப்பாற்ற 10,000 பவுண்டு செலவானதாகக் கணக்குச் சொன்னார்கள். டர்னிப் ஒன்றுக்கு ஒரு ஷில்லிங் என்று பார்னல் கணக்குப் போட்டுக் காட்டினார்.

நவம்பர் 27 அன்று பாய்காட் குடும்பம் லாக் மாஸ்க்கை விட்டுக் கிளம்பியது. அன்றும் வண்டி ஓட்ட ஆள் கிடைக்காமல், ராணுவ ஆம்புலன்ஸ் வண்டியில்தான் ஏற்றிச் சென்றார்கள். டப்ளினில் தங்கிய ஹோட்டலின் முதலாளிக்கு மிரட்டல் கடிதம் வந்தது. டிசம்பர் 1 அன்று அவர்கள் கடல் கடந்து இங்கிலாந்து போனார்கள். அதற்குள் அவருடைய பெயர் அவரை முந்திக்கொண்டது. நவம்பர் 20 தேதியிட்ட 'தி டைம்ஸ்', லிமரிக் மாவட்டத்தின் நியூ பாலஸ் ஊரில் மக்கள் வேறு சிலரைப் 'பாய்காட்' செய்யத் தீர்மானித்ததாக எழுதியது. காரியஸ்தர் இன்னும் தன் வீட்டில் இருக்கும்போதே, இன்னொரு மாவட்டத்தில் இன்னொருவருக்கு நேர்ந்ததைக் குறிக்க அவர் பெயர் வினைச்சொல்லாகிவிட்டது. பின்னாளில் ஆக்ஸ்போர்டு ஆங்கில அகராதியாக அறியப்பட்ட பேரகராதியின் 1887ஆம் ஆண்டுப் பகுதியில் சொல் ஏறியது. பிரெஞ்சு, ஜெர்மன், ரஷ்யன், ஜப்பானியம் என்று பெயர் ஊர் ஊராகப் போனது. ஐரிஷ் மொழியிலும் இன்று அதைக் குறிக்கும் சொல் 'பைகட்'. பாய்காட்டை ஊரைவிட்டு அனுப்பிய மக்களின் தாய்மொழி அவர் பெயரை வைத்துக்கொண்டது.

அமெரிக்காவுக்குச் சொல் போன வேகத்துக்குக் காரணம், அங்கே அதை எதிர்கொள்ளக் காத்திருந்த ஐரிஷ் தொழிலாளிகள். நில லீக்குக்குப் பணம் அனுப்பியவர்களே அங்கே தொழிற்சங்கங்களிலும் இருந்தார்கள். 1880களிலேயே நியூயார்க் முதலாளிகளுக்கு எதிராகச் சங்கங்கள் பாய்காட் அறிவித்தன. 1902இல் டான்பரி நகரத் தொப்பித் தொழிலாளர்கள் ஒரு நிறுவனத்தின் தொப்பிகளை வாங்காதீர்கள் என்று நாடு முழுக்கச் சொன்னார்கள். வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போய், 1908இல் தீர்ப்பு தொழிலாளர்களுக்கு எதிராக வந்தது. பின்னாளில் மாண்ட்கமரியின் பேருந்துகளும், கலிஃபோர்னியாவின் திராட்சையும் இதே பெயரில் புறக்கணிக்கப்பட்டன.

புலம்பெயர்ந்த ஐரிஷ் மக்கள் இன்னொரு சொல்லையும் ஆங்கிலத்துக்குக் கொடுத்திருக்கிறார்கள், விரும்பிக் கொடுத்ததல்ல. தெரு ரவுடியைக் குறிக்கும் 'ஹூலிகன்' என்ற சொல் 1898இல் லண்டன் போலீஸ் கோர்ட்டுச் செய்திகளில் பரவியது. ஹூலஹான் என்ற ஐரிஷ் குடும்பப் பெயரின் திரிபு அது என்பதே பெரும்பாலோர் கருத்து. இரண்டு சொற்களையும் அருகருகே வைத்துப் பாருங்கள். பிழைக்க வந்த ஏழையின் குடும்பப் பெயரை ஆங்கிலப் பத்திரிகை உலகம் ரவுடிக்குச் சூட்டியது. தங்களை வெளியேற்ற வந்த ஆங்கிலேயரின் குடும்பப் பெயரை ஐரிஷ் குடியானவர்கள் ஓர் அறப்போர் முறைக்குச் சூட்டினார்கள். ஒரே தலைமுறைக்குள் நடந்த இந்த இரண்டு பெயர்சூட்டலும் யாரிடம் அச்சகம் இருந்தது, யாரிடம் ஒற்றுமை இருந்தது என்பதைச் சொல்லிவிடுகின்றன.

சொல்தான் 1880இல் வந்தது, செயல் அதற்கு எத்தனையோ காலம் முந்தியது. அன்னந்தண்ணி புழங்காமல் வைப்பதும், ஊர்க்கட்டுப்பாடு போட்டு ஒதுக்கிவைப்பதும் நம் கிராமங்கள் அறியாததா? லாக் மாஸ்க் புதிதாகச் செய்தது, ஒதுக்கலின் திசையை மாற்றியதுதான். அதுவரை ஊரின் பலம் பெரும்பாலும் எளியவர் மீதே பாய்ந்தது. இங்கே எளியவர்கள் சேர்ந்து, பின்னால் படையும் சட்டமும் கொண்ட ஒருவரை ஒதுக்கினார்கள். 1888இல் வாத்திகன் இந்த முறையைக் கண்டித்து ஆணையிட்டபோதும் ஐரிஷ் கத்தோலிக்கர்கள் இதை விடவில்லை. ஆனாலும் இருண்ட பக்கம் ஒன்று உண்டு. காரியஸ்தருக்கு எதிராக எழுந்த ஆயுதம், லீக்குக்குக் கட்டுப்படாத ஏழைக் குத்தகைக்காரன் மீதும் திரும்பியது. கூட்டத்தின் மௌனம் எளியவனைத் தாக்கும்போது கல்லெறியைவிடக் கொடியது.

இந்தியாவுக்கு இச்சொல் ஐரிஷ் வாசனையோடேயே வந்தது. 1905 ஆகஸ்ட் 7 அன்று கல்கத்தா டவுன் ஹால் கூட்டம் அந்நியப் பொருள்களைப் பாய்காட் செய்யத் தீர்மானித்தது. அரவிந்தர் 1907இல் 'வந்தே மாதரம்' இதழில் சாத்விக எதிர்ப்பு பற்றி எழுதியபோது அயர்லாந்தையும் பார்னலையும் சுட்டினார். தூத்துக்குடியில் 1908இல் சுதேசிகளுக்கு எதிராகப் பேசிய ஒரு வழக்கறிஞருக்குப் பாதிச் சவரத்தில் நாவிதர் எழுந்துபோன கதை, வ.உ.சி.யின் வரலாறு படித்தவர்களுக்குத் தெரியும். பாலின்ரோப் கொல்லரும் அந்த நாவிதரும் ஒருவரையொருவர் அறியாத தோழர்கள். 1931இல் யாழ்ப்பாண வாலிபர் காங்கிரஸ், டொனமூர் அரசியலமைப்பின் கீழ் நடந்த முதல் தேர்தலைப் பகிஷ்கரிக்கச் சொன்னது. வடக்கின் நான்கு தொகுதிகள் 1934 வரை காலியாகக் கிடந்தன. அந்தப் பகிஷ்காரம் தமிழருக்கு நன்மை செய்ததா என்ற வாதம் இன்னும் ஓயவில்லை.

எளியவர் மீது திரும்பும் ஒதுக்கலை நம் சட்டம் காலம் கடந்தாவது கண்டுகொண்டது. வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் 2015ஆம் ஆண்டுத் திருத்தம், பட்டியல் சாதியினரையும் பழங்குடியினரையும் சமூக, பொருளாதாரப் புறக்கணிப்பு செய்வதையும் அப்படி மிரட்டுவதையும் குற்றமாக்கியது. மகாராஷ்டிரம் சமூகப் புறக்கணிப்புக்கு எதிராகவே 2016இல் தனிச் சட்டம் இயற்றியது. அந்தச் சட்டத்தின் ஆங்கிலத் தலைப்பில் பாய்காட் என்ற குடும்பப் பெயர் அப்படியே இருக்கிறது. குத்தகைக்காரர்கள் தொடங்கிய சொல், தலித்துகளைக் காக்கும் சட்டத்தில் குற்றத்தின் பெயராக நிற்கிறது. கையிலெடுப்பவர் யார், எதிரே நிற்பவர் யார் என்று கேட்காமல் இந்தச் சொல்லைப் பாராட்டவும் முடியாது, பழிக்கவும் முடியாது.

சார்லஸ் பாய்காட் பின்னாளில் சஃபோக் மாவட்டத்தின் ஃபிளிக்ஸ்டனில் வேறொரு பண்ணைக்குக் காரியஸ்தராக வேலை பார்த்து, 1897 ஜூன் 19 அன்று இறந்தார். அவரைக் கொடியவராகச் சித்தரிக்க நான் விரும்பவில்லை. அந்நாளைய காரியஸ்தர்களில் அவரைவிடக் கடுமையானவர்கள் இருந்தார்கள். முறைதான் கொடியது. அந்த முறையும் அசைந்தது. 1881இல் வந்த நிலச் சட்டம் நியாயமான குத்தகையை நிர்ணயிக்க நீதிமன்றத்துக்கு அதிகாரம் கொடுத்தது. 1903இல் வந்த வின்டம் சட்டத்துக்குப் பிறகு, உழுதவர்களே அரசுக் கடனில் நிலத்தைப் பெருமளவில் வாங்கினார்கள்.

ஐரிஷ் மக்கள் தங்கள் வரலாற்று நாட்களைப் போற்றுவதில் சளைக்காதவர்கள். மார்ச் 17இல் புனித பேட்ரிக், ஈஸ்டர் வாரத்தில் 1916இன் எழுச்சி என்று நியூயார்க் முதல் சிட்னி வரை ஊர்வலம் போகிறார்கள். 2030 செப்டம்பரில் எனிஸ் பேச்சுக்கும் லாக் மாஸ்க் நிகழ்ச்சிக்கும் 150 ஆண்டு நிறைகிறது. மேடைகளில் பார்னலைப் பற்றிப் பேசுவார்கள், டேவிட்டைப் பற்றியும் பேசுவார்கள். பாய்காட்டின் பெயரைச் சொல்லாமல் பேசவே முடியாது. செப்டம்பர் 22 அன்று நோட்டீஸை வாங்க மறுத்துச் சிவப்புத் துணியை வீசிய அம்மாவின் பெயர் ஃபிட்ஸ்மோரிஸ். அந்த மேடைகளில் அதை முதலில் சொல்ல வேண்டும். 'பாய்காட்' என்ற சொல்லைப் பயன்படுத்துகிற நாமும் அந்தப் பெயரை நினைவில் வைத்துக்கொள்வோம்.